லாபப் பங்குக்கும் வரி உண்டு!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளைச் சுற்றிச் சிறு பட்டறைகள் பல உள்ளன. பட்டறைக்காரர் ஒருவர் வாடிக்கையாளருக்கு இயந்திர வரைபடம் போட்டுத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "கூலி வேண்டாம், லாபத்தில் பங்கு தாருங்கள்" என்கிறார். பங்காக 1 லட்சம் ரூபாய் வருகிறது. இதற்கு வரி உண்டா?

உண்டு! பெயர்தான் லாபம், உண்மையில் அது செய்த வேலைக்குக் கூலி. கூட்டு வியாபாரத்தில் கூட்டாளி பெறும் லாபம் வேறு.

பழைய 'வாட்', சேவை வரிகளுக்குப் பதிலாக 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. அதில் பதிவு செய்தவர் இந்தக் கூலிக்கு 18 சதவீதம் கட்ட வேண்டும்.

வரியைத் தனியாக வாங்கினால் கைக்கு 1,18,000 ரூபாய் வரும். பேசாமல் விட்டால், வந்த லட்சத்திலேயே 15,254 ரூபாய் வரிக்குப் போய்விடலாம்! பதிவு பெற்ற வாடிக்கையாளருக்கும் பெரும்பாலும் நஷ்டமில்லை. முறையான பில் இருந்தால், தாம் கட்டும் வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

"வரி தனி" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்!