இன அடையாளமும் நாட்டுப்பற்றும் – ஈரானின் அஸரி மக்கள்

மனிதன் ஒருவனே ஆயினும் அவன் தாங்கும் அடையாளங்கள் பல. பிறந்த ஊர், பேசும் மொழி, பின்பற்றும் சமயம், வாழும் நாடு என அவை விரியும். இவை தம்முள் முரணாதிருக்கும்வரை எவரும் அவற்றைப் பற்றி வினவுவதில்லை. ஒரு மொழி பேசுவோர் எல்லைக்கோட்டின் இருபுறமும் வாழ நேரும்போதும், தாய்மொழி ஒன்றாகவும் ஆட்சிமொழி வேறொன்றாகவும் அமையும்போதும், 'நீ முதலில் யார்?' என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவை நூறாண்டுகளுக்கும் மேலாக எதிர்கொண்டு வருபவர்கள் ஈரானில் வாழும் அஸரி மக்கள். அவர்கள் அதற்கு அளித்துவரும் விடை யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

நிலமும் மக்களும்

ஈரானின் வடமேற்கில் அமைந்த கிழக்கு அஸர்பைஜான், மேற்கு அஸர்பைஜான், அர்தபீல், ஸன்ஜான் ஆகிய மாநிலங்கள் அஸரிகள் செறிந்து வாழும் பகுதிகள். அவற்றுள் தப்ரீஸ் நகரமே தலையாயது. மேற்கு அஸர்பைஜானில் குர்து மக்களும் பெருந்தொகையினராக உள்ளனர். தலைநகர் டெஹ்ரானிலோ தலைமுறை தலைமுறையாகக் குடியேறிய அஸரிகள் வணிகத்திலும் அரசுப் பணியிலும் கலந்து வாழ்கின்றனர்.

ஈரானின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் கேட்கப்படுவதில்லை. ஆதலின் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. மக்களுள் ஆறில் ஒருவர் அஸரி என்பாரும் உளர். நான்கில் ஒருவர் என்பாரும் உளர். எம்மதிப்பீட்டைக் கொண்டாலும் பாரசீகருக்கு அடுத்த பெரிய இனம் அவர்களே. 1991இல் விடுதலை பெற்ற அஸர்பைஜான் குடியரசில் வாழும் அஸரிகளைக் காட்டிலும் ஈரானில் வாழும் அஸரிகளே எண்ணிக்கையில் மிக்கவர்கள்.

அவர்கள் தம் மொழியைத் 'துர்கி' என்றே வழங்குவர். அது துருக்கி நாட்டு மொழிக்கு நெருங்கிய உறவுடையது. பாரசீகத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. சமயத்தாலோ அவர்கள் பாரசீகரைப் போன்றே பெரும்பாலும் ஷீஆ பிரிவினர். ஆக, மொழி அவர்களைத் துருக்கியரோடு சேர்க்கின்றது. சமயமும் வரலாறும் ஈரானோடு பிணைக்கின்றன. இவ்விரட்டைப் பிணைப்பை மனத்திற் கொண்டால்தான் பின்னர் நிகழ்ந்தவை விளங்கும்.

அரசை அமைத்தோர்

பதினொன்றாம் நூற்றாண்டில் ஸல்ஜூக் துருக்கியரின் வருகைக்குப் பின் அஸர்பைஜான் நிலத்தில் துருக்கி மொழி படிப்படியாகப் பரவியது. அதற்கு முன் அங்கு வழங்கியது ஈரானியக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழி. வந்தவரும் இருந்தவரும் கலந்து உருவான மக்களே இன்றைய அஸரிகள்.

அர்தபீல் நகரில் ஷெய்கு ஸஃபியுத்தீன் தோற்றுவித்த ஸூஃபி வழியில் வந்த ஷாஹ் இஸ்மாயீல், 1501இல் தப்ரீஸில் முடிசூடி ஸஃபவிப் பேரரசை நிறுவினார். அவருக்குப் படைவலியாய் நின்றோர் 'கிஸில்பாஷ்' எனப்பட்ட துருக்கியக் குலத்தினர். ஷீஆக் கொள்கையை ஈரானின் அரச சமயமாக்கியவர் அவரே. அம்மன்னர் 'கத்தாயீ' என்னும் புனைபெயரில் கவிதை யாத்தது துருக்கி மொழியில் என்பது நோக்கற்பாலது. பின்னர் ஆண்ட காஜார் மரபினரும் துருக்கியக் குலத்தவரே. அவர்கள் காலத்தில் பட்டத்து இளவரசர் தப்ரீஸில் தங்கி அஸர்பைஜானை ஆள்வது மரபாயிற்று.

எனவே, ஈரான் என்னும் அரசு அஸரிகளுக்குப் பிறர் கட்டிய வீடன்று. அவர்தம் முன்னோரும் சுவர் எழுப்பிய வீடு. சிறுபான்மையினர் என்னும் சொல்லை அவர்களுள் பலர் விரும்பாமைக்கு இதுவே காரணம் எனலாம்.

அராஸ் ஆறு பிரித்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரான் ரஷ்யாவோடு இருமுறை போரிட்டுத் தோற்றது. 1813இல் குலிஸ்தான் உடன்படிக்கையும் 1828இல் துர்க்மன்சாய் உடன்படிக்கையும் கையெழுத்தாயின. அராஸ் ஆற்றுக்கு வடக்கிலிருந்த நிலங்கள் ரஷ்யாவைச் சேர்ந்தன. தெற்கு ஈரானோடு நின்றது. ஒரே மொழி பேசிய மக்கள் இரு பேரரசுகளின் குடிகளாயினர்.

அதன்பின் இரு கரையும் இருவேறு வழியிற் சென்றன. வடகரையில் எழுத்தே மும்முறை மாறியது. அரபு எழுத்து போய் லத்தீன் வந்தது. அது போய் ரஷ்ய எழுத்து வந்தது. 1991க்குப் பின் மீண்டும் லத்தீன் வந்தது. தென்கரையினர் அரபு எழுத்தையே தொடர்ந்து கையாளுகின்றனர். பேச்சால் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் இரு கரையினர், எழுத்தால் ஒருவர் நூலை மற்றவர் படிக்க இயலாதவராயினர்.

தப்ரீஸ் காத்த அரசமைப்பு

அஸரிகளின் நாட்டுப்பற்றைப் பேசுவோர் முதற்கண் சுட்டுவது அரசமைப்புப் புரட்சியையே. 1906இல் ஈரானிய மக்கள் மன்னரிடமிருந்து நாடாளுமன்றத்தைப் பெற்றனர். 1908 ஜூனில் முஹம்மத் அலீ ஷாஹ் அந்நாடாளுமன்றத்தின்மீது பீரங்கி வைத்துச் சுட்டார். டெஹ்ரான் அடங்கியது, தப்ரீஸ் அடங்கவில்லை. அரசப் படைக்கு அஞ்சி நகரத்தார் வீடுகளில் வெள்ளைக் கொடி ஏற்றியபோது, ஸத்தார் கான் சில தோழர்களுடன் புறப்பட்டு அக்கொடிகளை வீழ்த்தினார். அவரும் பாகிர் கானும் தலைமை தாங்க, பல மாத முற்றுகையிலும் பட்டினியிலும் அந்நகரம் தளராது நின்றது. 1909இல் மன்னர் பதவியிழந்தார், நாடாளுமன்றம் மீண்டது.

தாய்மொழியாகத் துருக்கியைப் பேசிய அவ்வீரர்கள் போரிட்டது தம் இனத்துக்கெனத் தனி நாடு பெறுதற்கன்று; ஈரான் முழுமைக்குமான ஒரு சட்டத்துக்காக. ஸத்தார் கானுக்கு 'தேசத்தின் தளபதி' என்னும் பொருள்படும் 'ஸர்தாரே மில்லீ' பட்டம் வழங்கப்பட்டது. ஆயின் 1910இல் டெஹ்ரானில் அவருடைய ஆட்களின் ஆயுதங்களைப் பறிக்க முயன்ற அரசுப் படையின் குண்டே அவரது காலில் பாய்ந்தது. அவர் காத்த அரசே அவரைச் சுட்டது. பட்டமும் குண்டும் ஒரே கையிலிருந்து வந்த இந்நிகழ்ச்சி, பின்வந்த நூற்றாண்டிற்கு ஒரு முன்னறிவிப்புப் போல் அமைந்துவிட்டது.

1918இல் அராஸுக்கு வடக்கே தோன்றிய குடியரசு 'அஸர்பைஜான்' என்னும் பெயரைச் சூடியது. 1920இல் தப்ரீஸில் கிளர்ந்தெழுந்த ஷெய்கு முஹம்மத் கியாபானீ, அக்குடியரசோடு தம் மாநிலத்தை எவரும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாதெனக் கருதித் தம் நிலத்துக்கு 'ஆஸாதிஸ்தான்' என்று பெயரிட்டார். மத்திய அரசை எதிர்த்தவரும் ஈரானை விட்டுப் பிரிய எண்ணவில்லை என்பதற்கு இது தக்க சான்று. அவ்வாண்டே அவர் கொல்லப்பட்டார்.

ஒரு நாடு, ஒரு மொழி

1925இல் அரியணை ஏறிய ரிஸா ஷாஹ், வலிமையான நாட்டுக்கு ஒரே மொழி வேண்டும் எனக் கருதினார். பள்ளியிலும் அலுவலகத்திலும் அச்சிலும் பாரசீகமே ஆட்சி செய்தது. வீட்டில் துருக்கி பேசிய குழந்தை, பள்ளியின் முதல் நாளிலேயே அறியாத மொழியில் எழுத்துக் கற்க நேர்ந்தது.

இக்கொள்கையை ஆதரித்தவர்களுள் அஸரிகளே முன்னணியில் நின்றனர் என்பது வியப்பிற்குரியது. தப்ரீஸில் பிறந்த வரலாற்றறிஞர் அஹ்மத் கஸ்ரவீ, அந்நிலத்தின் பழைய மொழி ஈரானியக் குடும்பத்து 'ஆதரீ' என்றும் துருக்கி பின்னர் வந்தது என்றும் நிறுவ நூலெழுதினார். நாடு சிதறிவிடுமோ என்னும் அச்சம் அத்தலைமுறை அறிஞர்களை ஆட்கொண்டிருந்தது. ஆயினும், ஒரு மொழி எப்போது வந்தது என்பது வரலாற்று வினா. அதனைப் பேசும் குழந்தை எம்மொழியிற் கற்க வேண்டும் என்பது வாழ்வியல் வினா. முன்னதற்கான விடையைக் கொண்டு பின்னதை மூடிவிட முயன்றதே அக்காலத்தின் குறை.

ஓராண்டு ஆட்சி

இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல் சோவியத் படை ஈரானின் வடபகுதியில் நுழைந்தது. போர் முடிந்த பின், 1945 டிசம்பர் 12இல் ஜஅஃபர் பீஷவரீ தலைமையில் தப்ரீஸில் தன்னாட்சி அரசு ஒன்று அமைந்தது. அது துருக்கியை ஆட்சிமொழியாக்கியது. தாய்மொழியில் பாடநூல்களை வெளியிட்டது. நிலப் பங்கீடு செய்தது. பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. தப்ரீஸில் பல்கலைக்கழகம் தொடங்கியது.

அவ்வரசின் இயல்பு குறித்து இன்றும் வழக்கு ஓயவில்லை. 1945 ஜூலையில் மாஸ்கோவின் தலைமையே வட ஈரானில் பிரிவினை இயக்கத்தைத் தூண்டுமாறு இரகசிய ஆணை பிறப்பித்தது என்பதைப் பின்னாளில் வெளிவந்த ஆவணங்கள் மெய்ப்பித்துள்ளன. அதே வேளையில், அவ்வரசு நிறைவேற்றிய கோரிக்கைகள் மக்கள் உள்ளத்தில் உண்மையாகவே இருந்தவை என்பதும் மறுத்தற்கரியது. 1946 மே மாதத்தில் சோவியத் படை வெளியேறியது. அவ்வாண்டு டிசம்பரில் ஈரானியப் படை தப்ரீஸில் நுழைந்ததும் அவ்வரசு வீழ்ந்தது. துருக்கி மொழிப் பாடநூல்கள் தீக்கிரையாயின. அன்றுமுதல் தாய்மொழிக் கல்வி கேட்போரெல்லாம் அயலாரின் கையாட்கள் என ஐயுறப்படும் நிலை தோன்றியது. நியாயமான கோரிக்கைக்கு அயல்வல்லரசு துணை வரும்போது, வல்லரசு போய்விடும். கோரிக்கை மட்டும் பழியைச் சுமந்து நிற்கும்.

இருமொழிக் கவிஞரும் சிற்றூர் ஆசிரியரும்

அரசியல் தீர்க்க இயலாததை இலக்கியம் ஓரளவு தீர்த்தது. தப்ரீஸைச் சேர்ந்த முஹம்மத் ஹுஸைன் ஷஹ்ரியார் பாரசீகக் கஜலில் புகழ்பெற்றவர். மகனின் பாடல் தமக்கு விளங்கவில்லையென அவர்தம் அன்னை வருந்தியதால் தாய்மொழியில் பாடத் தொடங்கினார் என்பர். தம் சிற்றூர்க்கு அருகிலுள்ள மலையை விளித்து அவர் பாடிய 'ஹைதர் பாபாவுக்கு ஸலாம்' 1954இல் வெளிவந்து, அராஸின் இரு கரையிலும் ஓதப்பட்டது. 1988இல் அவர் மறைந்த நாளே ஈரானில் பாரசீகக் கவிதைக்குரிய தேசிய நாளாகக் கொண்டாடப்படுகின்றது. துருக்கியில் தலைசிறந்த காவியம் தந்த ஒருவரின் நினைவு நாள் பாரசீகக் கவிதையின் திருநாளாக விளங்குவது, ஈரடையாளமும் ஒருவருள் இணைந்து வாழக்கூடும் என்பதற்கு எடுத்துக்காட்டு.

அவரோடு நினைக்கத்தக்க மற்றொருவர் ஸமத் பெஹ்ரங்கீ. அஸர்பைஜான் சிற்றூர்களில் ஆசிரியராய்ப் பணியாற்றிய இவர், துருக்கி பேசும் குழந்தைகள் பாரசீகப் பாடநூலின் முன் திகைத்து நிற்பதைக் கண்டு எழுதினார். அம்மக்களின் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். 'சின்னஞ்சிறு கருப்பு மீன்' என்னும் இவர்தம் சிறுவர் கதை உலகப் புகழ் பெற்றது. 1968இல் இருபத்தொன்பது வயதில் அராஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார்.

புரட்சியும் போரும்

1978 பிப்ரவரி 18இல் தப்ரீஸில் வெடித்த எழுச்சி, ஷாஹின் ஆட்சியை வீழ்த்திய புரட்சியின் திருப்புமுனைகளுள் ஒன்று. அதன்பின் வந்த ஈராக் போரில், 1980 முதல் 1988 வரை, அஸரி இளைஞர் பல்லாயிரவர் களம் புகுந்தனர். உருமியா நகரின் மேயராயிருந்த மஹ்தி பாகிரீ, அஸர்பைஜான் வீரர்கள் நிறைந்த ஆஷூரா படைப்பிரிவைத் தலைமையேற்று நடத்தி 1985இல் போர்முனையில் உயிர்துறந்தார். அவர்தம் தம்பி ஹமீத் அதற்கு முந்தைய ஆண்டே அதே போரில் மாண்டவர்.

ஆட்சிப் பொறுப்பிலும் அஸரிகள் குறைந்தவரல்லர். 1981 முதல் 1989 வரை பிரதமராயிருந்த மீர் ஹுஸைன் மூஸவீ அஸரி. 1989இல் நாட்டின் உச்சத் தலைவராகப் பொறுப்பேற்ற ஆயத்துல்லாஹ் அலீ காமனெயீ தந்தைவழியில் அஸரி. 2024 ஜூலையில் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மஸ்வூத் பெஸெஷ்கியானும் அஸரியே.

ஆயினும் உயர்பதவி வேறு, மொழியுரிமை வேறு. 1979ஆம் ஆண்டு அரசமைப்பின் 15ஆம் பிரிவு, பாரசீகத்தைப் பொது மொழியாக்கி, வட்டார மொழிகளை இதழ்களில் கையாளவும் அவற்றின் இலக்கியத்தைப் பள்ளிகளில் பாரசீகத்துடன் கற்பிக்கவும் இடமளித்தது. ஏட்டில் உள்ள இவ்வுரிமை பள்ளி வகுப்பறைக்கு முழுமையாக வந்து சேரவில்லை என்பதே அஸரிகளின் நீண்டநாள் முறையீடு. 2006 மே மாதத்தில் அரசு நாளேடு ஒன்றில் வந்த கேலிச்சித்திரம், துருக்கிச் சொல் பேசும் கரப்பான்பூச்சியைக் காட்டியபோது தப்ரீஸ் முதலிய நகரங்கள் கொதித்தெழுந்தன. அந்நாளேடு நிறுத்தப்பட்டது, ஓவியர் சிறைசென்றார். பல்லாண்டுக் கால ஏளனமும் புறக்கணிப்பும் அச்சிறு சித்திரத்தில் திரண்டு நின்றதாலேயே அவ்வெழுச்சி அத்துணைப் பெரிதாயிற்று.

தப்ரீஸின் 'த்ராக்தோர்' கால்பந்து அணியின் ஆட்டங்களில் பல்லாயிரவர் துருக்கியில் முழங்குவது இவ்வுணர்வின் மற்றொரு வடிவம். அவ்வணி 2025இல் முதன்முறையாக ஈரானின் சாம்பியன் பட்டத்தை வென்றது. இனத்தின் பெருமிதத்தை அவர்கள் வெளியிட்டது நாட்டின் போட்டியொன்றில் வென்று என்பது கருதத்தக்கது. 2020இல் கரபாக் போர் மூண்டபோது, அஸர்பைஜான் குடியரசுக்கு ஆதரவாக ஈரானிய அஸரிகள் தெருவில் இறங்கினர். உறவினர்க்கு இரங்குதல் வேறு. தன் நாட்டைத் துறத்தல் வேறு. இவ்வேறுபாட்டை ஆள்வோர் பலகால் மறந்துவிடுகின்றனர்.

நாம் அறிவன

இவ்வரலாற்றினின்று நாம் அறிவன இரண்டு. ஒன்று, நாட்டுப்பற்று என்பது கட்டளையால் விளைவதன்று, பங்கேற்பால் விளைவது. அஸரிகள் ஈரானைத் தமதாகக் கருதுவது, அதனை அமைத்ததிலும் காத்ததிலும் தமக்குப் பங்குண்டு என்பதால்தான். மற்றொன்று, அப்பற்று இருப்பதனாலேயே குறைகள் இல்லையென்று கொள்ளலாகாது. தாய்மொழியில் ஒரு பாடம் கேட்பவனைப் பிரிவினையாளன் என்று பழிப்பவர், அவன் எண்ணாததை அவனுக்கு எண்ணக் கற்றுத் தருகின்றனர்.

'நீ முதலில் அஸரியா, ஈரானியனா?' என்று வினவுவது, 'நீ முதலில் அன்னைக்கு மகனா, தந்தைக்கு மகனா?' என்று வினவுவதை ஒக்கும். அவ்வினாவை எழுப்பாத நாடே தன் மக்களின் அன்பை முழுமையாகப் பெறும்.