கேமராவால் நிறுத்த முடியாத கார்

பிரிட்டனில் மோட்டார்வே ஓரத்தில் ஒரு காரை ஒதுக்கி நிறுத்திய போலீஸ்காரர், டிரைவர் பக்கக் கதவுக்குப் போவதில்லை. இடப்பக்கமாக நடந்து வந்து, பயணி உட்காரும் பக்கத்து ஜன்னலைத் தட்டுகிறார். அங்கேயும் நம்மைப் போலவே வண்டிகள் இடப்பக்கம்தான் ஓடுகின்றன. அவர் வலப்பக்கம் போய் நின்றால், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் லாரிகள் முதுகை உரசுகிற மாதிரி கடந்துபோகும். இரண்டு கார்களுக்கும் நடுவில் நிற்பதும் ஆபத்து. பின்னால் வருகிற வண்டி ரோந்து காரில் மோதினால் தப்பிக்க வழியே இருக்காது. பேச்சு நீளும் என்று தெரிந்தால், காரை ஓட்டிவந்தவரைத் தன் காரின் பின்சீட்டுக்கு அழைத்துவந்து உட்காரவைப்பார். அதில் இன்னொரு பயனும் உண்டு. கதவைச் சாத்திய சில நொடிகளில், குடித்திருப்பவரை மூச்சே காட்டிக்கொடுத்துவிடும்.

1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 163-ஆம் பிரிவின்படி, சீருடையில் உள்ள போலீஸார் எந்த வண்டியையும் நிறுத்தலாம். காரணம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆனால் நிறுத்திய எல்லோரையும் ஊதச் சொல்லிவிட முடியாது. குடித்திருக்கிறார் என்ற நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் ஏதாவது போக்குவரத்து விதியை மீறியிருக்க வேண்டும், அல்லது விபத்தில் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். சாலையோரத்தில் ஊதுவது முதல்கட்டச் சோதனைதான். ஸ்டேஷனில் உள்ள பெரிய கருவியில் இரண்டு முறை ஊத வேண்டும். இரண்டில் குறைவான அளவையே வழக்குக்கு எடுத்துக்கொள்வார்கள். இங்கிலாந்தில் 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் ஆல்கஹால் வரை அனுமதி. ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் அதை 22 ஆகக் குறைத்துவிட்டது. எம்6 சாலையில் வடக்கே போய் கார்லைல் நகரைத் தாண்டி எல்லையைக் கடந்தால், அதுவரை தப்பிவந்த டிரைவர் குற்றவாளி ஆகிவிடுவார்.

ஊதும் சோதனையை 1967-இல் கொண்டுவந்தவர் அன்றைய போக்குவரத்து அமைச்சர் பார்பரா காஸில். கார் ஓட்டத் தெரியாத ஒரு பெண் எங்களுக்குச் சொல்லித்தருவதா என்று ஆண்கள் கொதித்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1966-இல் பிரிட்டன் சாலைகளில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஓடியதைவிடப் பல மடங்கு வண்டிகள் ஓடும் இன்று, அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு 1,600, 1,700 என்ற அளவில் இருக்கிறது. சீட் பெல்ட், நல்ல சாலைகள், உறுதியான கார்கள் என்று பல காரணங்கள் உண்டு. காஸிலுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

ரோந்து காரின் பக்கவாட்டில் மஞ்சளும் நீலமுமாகப் பெரிய கட்டங்கள் இருக்கும். அரை கிலோமீட்டர் தூரத்திலேயே கண்ணில் பட வேண்டும் என்பதற்காக வடிவமைத்தது. அதைப் பார்த்ததுமே பல கால்கள் ஆக்சிலேட்டரிலிருந்து இறங்கிவிடும். காரில் பொருத்திய கேமரா எதிர்ப்படுகிற நம்பர் பிளேட்டுகளை வாசித்தபடியே இருக்கும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி, திருட்டு வண்டி, தேடப்படுகிற வண்டி என்றால் உடனே ஒலி எழுப்பும். இன்சூரன்ஸ் இல்லாத காரை அங்கேயே பறிமுதல் செய்ய அதிகாரம் உண்டு. குறித்த காலத்துக்குள் உரிய ஆவணங்களோடு வந்து மீட்காவிட்டால் ஏலம் விடுவார்கள், அல்லது நசுக்கிப் பழைய இரும்பாக்கிவிடுவார்கள்.

சில நேரங்களில் போலீஸ் கண்ணில் படாமல் போவதும் தேவைப்படுகிறது. லாரி டிரைவர் மடியில் என்ன வைத்திருக்கிறார் என்பது காரில் உட்கார்ந்திருக்கும் போலீஸுக்குத் தெரியாது, அவ்வளவு உயரம். அதனால் நெடுஞ்சாலை நிர்வாகம், எந்த அடையாளமும் இல்லாத பெரிய லாரிகளை, சரக்குப் பெட்டி இல்லாமல் முன்பகுதியை மட்டும், போலீஸுக்கு இரவல் கொடுக்கிறது. போலீஸ்காரர் வீடியோ கேமராவோடு பயணி சீட்டில் ஏறிக்கொள்கிறார். பக்கத்தில் இணையாக ஓடும் லாரிக்குள் அவர் பார்ப்பது வயிற்றைக் கலக்கும்: ஸ்டீயரிங்கை முழங்கையால் பிடித்துக்கொண்டு செய்தி அனுப்புகிறவர், படம் பார்க்கிறவர், பெல்ட்டே போடாதவர். அவர் தகவல் சொன்னதும் பின்னால் வருகிற ரோந்து கார் அந்த லாரியை ஓரங்கட்டும். கையில் செல்போனோடு பிடிபட்டால் 200 பவுண்டு அபராதம், லைசென்ஸில் ஆறு புள்ளிகள். லைசென்ஸ் வாங்கி இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு அந்த ஆறு புள்ளியிலேயே லைசென்ஸ் போய்விடும். 40 டன்னை ஒற்றைக் கையால் ஓட்டுகிறவருக்கு இது பெரிய தண்டனை என்று எனக்குத் தோன்றவில்லை.

விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால் வேலையே மாறிவிடுகிறது. சாலையை மணிக்கணக்கில் மூடுகிறார்கள். மைல் கணக்கில் நிற்கிற வண்டிகளிலிருந்து ஹாரனும் திட்டும் வரும். உள்ளே விபத்துப் புலனாய்வாளர்கள் லேசர் கருவியால் அந்த இடத்தை முழுவதும் அளந்து பதிவுசெய்கிறார்கள். மழை அழிப்பதற்குள் டயர் தடங்களைப் பிடித்தாக வேண்டும். ஏர்பேகின் கணினியில் மோதலுக்கு முந்தைய சில நொடிகளின் வேகமும் பிரேக் மிதித்த விவரமும் பதிவாகியிருக்கலாம். உடைந்த விளக்கைக்கூட விடுவதில்லை. பழைய வகை பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போது மோதல் நடந்தால், சூடான இழை நீண்டு வளைந்துவிடும்; அணைந்திருந்தால் அப்படி ஆகாது. ஹெட்லைட் போட்டுத்தான் வந்தேன் என்று ஒருவர் சொன்னால், அது உண்மையா என்பதற்கு அந்த மெல்லிய கம்பியே சாட்சி.

அதே நேரத்தில் இன்னொரு அதிகாரி ஒரு வீட்டு வாசலைத் தேடிப் போய்க்கொண்டிருப்பார். சாவுச் செய்தியைப் போனில் சொல்வதில்லை. வீடு சரிதானா, எதிரே நிற்பவர் யார் என்று உறுதிசெய்துகொண்டு, உள்ளே போய், உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது. பட்டும்படாமல் சொன்னால், ஆஸ்பத்திரியில் பிழைத்துக் கிடக்கிறார் என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். பிறகு, பயிற்சி பெற்ற ஓர் அதிகாரியை அந்தக் குடும்பத்துக்கென்றே ஒதுக்குகிறார்கள். வழக்கு முடியும்வரை, சில சமயம் ஓராண்டுக்கு மேலும், அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வது அவர் பொறுப்பு. இந்த வாசலில் நின்றவர், அடுத்த நாள் ஒருவரைப் பெல்ட் போடாததற்கு நிறுத்தினால் அவரிடம் ஏன் இத்தனை கறார் என்று நான் கேட்கமாட்டேன்.

இப்படிப்பட்டவர்களைத்தான் பிரிட்டன் குறைத்துக்கொண்டே வந்தது. காவல் துறைகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பு 2020-இல் வெளியிட்ட அறிக்கை, 2013-க்குப் பிறகான சில ஆண்டுகளில் சாலைக் காவலுக்கான செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைச் சுட்டிக்காட்டியது. பல ஆண்டுகளாகச் சரிந்துவந்த சாலை மரணங்களும் 2010-ஐ ஒட்டி சரிவதை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டன. இதற்கு ஆள்குறைப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கேமராக்கள் இருக்கின்றனவே, போதாதா என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

வேகக் கேமரா படம் எடுத்தால், வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு 14 நாளுக்குள் நோட்டீஸ் போகும். தலைசுற்றும் அளவுக்குக் குடித்துவிட்டு அந்தக் கேமராவைக் கடந்தவர் அதற்குள் யார் மீது ஏற்றியிருப்பார் என்பது அந்த நோட்டீஸுக்குத் தெரியாது. அனுமதித்த வேகத்துக்குள்ளேயே போய்க்கொண்டு, செல்போனைப் பார்த்தபடி தடம் மாறுகிறவரை வேகக் கேமரா படமே எடுக்காது. போலி நம்பர் பிளேட் மாட்டிய வண்டியென்றால் நோட்டீஸ் சம்பந்தமே இல்லாத வேறொருவர் வீட்டுக்குப் போகும். எண்ணுக்குரிய பதிவில் ஒரு கம்பெனியின் நீலக் கார் என்று இருக்க, கண்ணெதிரே வேறு கம்பெனியின் சாம்பல் நிறக் கார் போகிறது என்பதைக் கவனித்து, அப்போதே நீல விளக்கைப் போட்டு அதை ஓரங்கட்ட, சாலையில் ஒரு போலீஸ்காரர் இருந்தாக வேண்டும்.