ஐப்பசியில் தைத்த வசந்தம்

பருவம் பார்க்கும் ஊர் – 7

“மூணாவது தடவையும் திரும்பி வந்திருச்சுங்க” என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கை அகலத் துணித்துண்டு ஒன்றை மேசையில் போட்டார் சாயப்பட்டறை மாஸ்டர். வெளியே ஐப்பசி அடைமழை. பச்சைத் துண்டு அது. மஞ்சள் சற்றுத் தூக்கலாக, இன்னும் ஈரம் காயாதது போல ஒரு பச்சை. வருகிற மார்ச் மாதம் ஐரோப்பாவில் ஏதோ ஒரு கடையில் தொங்கப்போகும் குழந்தைச் சட்டைக்கான நிறம்.

லைட் பாக்ஸுக்குள் பையர் அனுப்பிய மாதிரியையும் தன் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பகல் வெளிச்ச விளக்கில் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை போல இருந்தன. கடை வெளிச்ச விளக்குக்கு மாற்றியதும் நம் துண்டு மட்டும் லேசாகப் பழுத்துப் போயிற்று.

“பாருங்க, பகல்ல ஒத்துப் போகுது, கடைக்குள்ள போனா காலை வாருது. இந்தப் பச்சை அந்த ஊர்ல எந்த மரத்துலதான் இருக்குதோ!”

சலிப்பில் சொன்னதுதான். ஆனாலும் அது கேட்க வேண்டிய கேள்வி. திருப்பூரில் ‘ஸ்பிரிங்’ என்ற சொல் தெரியாத செக்கிங் டேபிள் கிடையாது. அது ஒரு சீசனின் பெயர், ஒரு ஆர்டரின் பெயர், ராத்திரி ஷிப்ட் ஓடுவதற்கான காரணத்தின் பெயர். அந்த வசந்தத்தை நேரில் பார்த்தவர்கள்தான் இங்கே குறைவு.

குளிர் நாட்டுக்காரரைக் கேட்டால் மாஸ்டரின் கேள்விக்குப் பதில் சுலபம். பீச் மரம், மேப்பிள், எல்லாவற்றையும்விட வீதியோரம் அழகுக்கு வைக்கும் குதிரைக் கஷ்கொட்டை என்பார். இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நிற்கும் அந்த மரத்தின் கிளை நுனியில், பிசின் பூசியது போல ஒட்டும் மொட்டு ஒன்று இருக்கும். கடுங்குளிரில் அதைக் கிள்ளி, கத்தியால் நெடுக வகுந்தால், பழுப்புச் செதில்களுக்கு உள்ளே பஞ்சு போன்ற வெள்ளை ரோமம். ரோமத்துக்குள் விரல் விரித்த இலைகள், நகக்கண் அளவில், மடித்து வைத்த சட்டை போல. சில மொட்டுகளில் பூங்கொத்தும் சேர்ந்தே இருக்கும்.

அவை பனிக்காலத்தில் உருவானவை அல்ல. போன கோடையிலேயே, மரம் இலை நிறைந்து நின்றபோதே செய்து அடுக்கி வைத்தவை. பகல் பொழுது சுருங்கத் தொடங்கியதும் மொட்டு உறக்கத்துக்குப் போகிறது. நடுவில் நான்கு நாள் வெயில் அடித்தாலும் ஏமாந்து விழிக்காது. உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள குளிரை நூற்றுக்கணக்கான மணி நேரம் வாங்கிய பிறகே அதன் பூட்டு இளகும். அதன் மேல் சூடு சேரச் சேர மொட்டு விரிகிறது. வசந்தத்தில் நாம் பார்ப்பது பார்சல் பிரிப்பதைத்தான்.

இது தெரியாமல் அங்கே தோட்டம் போடுகிறவர் ஒரு முறையாவது அடி வாங்குவார். லைலாக், ஃபோர்சித்தியா போன்ற புதர்களுக்கு அடுத்த ஆண்டுப் பூ மொட்டும் முந்தைய கோடையிலேயே வந்துவிடும். பனிக்காலத்தில் ‘சுத்தம் செய்கிறேன்’ என்று கத்தரித்தால் வசந்தத்தில் பச்சை இருக்கும், பூ இருக்காது. பூ உதிர்ந்த கையோடு கவாத்து செய்துவிட வேண்டும். இன்னொரு அடி பின்பனியிலிருந்து வரும். செதிலுக்குள் இருந்தவரை உறைபனியைத் தாங்கிய அதே இலை, விரிந்த மறுநாள் ஒரே ராத்திரிப் பனியில் கருகித் தொங்கும். அதனால்தான் துளிர் வரும் தேதி அவர்களுக்கு அவ்வளவு முக்கியம். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-ல் மரம் துளிர்க்கும் நாட்களைக் குறிக்கத் தொடங்கினார். அவர் குடும்பம் அதை 20-ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது. ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூத்த நாட்களின் குறிப்பு 9-ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கிறது. அந்த நீண்ட வரிசையிலேயே மிக முந்திய பூப்புகளில் ஒன்று 2021 மார்ச் 26. உலகம் சூடாவதை மரங்கள் இப்படித் தேதி போட்டுச் சொல்கின்றன.

இதையெல்லாம் பார்க்கக் கடல் தாண்ட வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறினால் அரை நாளில் ஊட்டி. 1848-ல் மெக்ஐவர் என்பவர் அமைக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் மார்கழி, தை விடியலில் புல்வெளி உப்பு கொட்டியது போல வெளுத்துக் கிடக்கும். அழகுச் செடிகளைத் தோட்டத் தொழிலாளர்கள் மிலார் செடிகளால் போர்த்தி வைப்பார்கள். வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். பக்கத்து மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்து கருகிப்போன வருத்தம் பேச்சில் இருக்கும். அங்குள்ள ரோஜாப் பூங்காவிலோ ஜனவரியில் கவாத்து. லைலாக்குக்கு ஆகாத காரியம் ரோஜாவுக்கு ஆகும். ரோஜா பூப்பது புதுத்தளிரின் நுனியில். வெட்டிய இடத்தில் முதலில் செந்நிறத் துளிர், பிறகு பச்சை, கோடை விழாவுக்குக் கூட்டம் வரும்போது பூ.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

பங்குனியில் மறுபடி அதே கம்பெனிக்குப் போனேன். பச்சை ஆர்டர் எப்போதோ தூத்துக்குடி வழியாகக் கப்பலேறிப் போய்விட்டது. மேசையில் இப்போது வேறு ஷேடு கார்டு: துருச் சிவப்பு, செம்புப் பழுப்பு, காய்ந்த மிளகாய் நிறம். அவர்களுடைய இலையுதிர் காலம். அங்கே துளிர் விடும்போது நாம் அவர்களுக்குச் சருகு நிறம் போட்டுக்கொண்டிருக்கிறோம், அவர்கள் ஊரில் சருகு விழும் ஐப்பசியில் துளிர் நிறம் போடுகிறோம்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரம். மாசி முழுக்க இலை கொட்டி, வாட்ச்மேனுக்கு விளக்குமாற்று வேலையைக் கூட்டிய மரம். அன்றைக்கு அதன் மேல் ஒரு பழைய இலை இல்லை. அத்தனையும் எண்ணெய் தடவியது போல மினுங்கும் இளம்பச்சை, மஞ்சள் சற்றுத் தூக்கலாக. ஐப்பசியில் மூன்று முறை திரும்பி வந்த பச்சை, வாசலில் நின்றுகொண்டிருந்தது.

நம் வசந்தத்தின் விசித்திரம் இதுதான். மழை பெய்து மாதக்கணக்காகி, மண் வெடித்து, வெயில் ஏறிக்கொண்டே போகும்போது மரம் புது இலை விடுகிறது. பழைய இலையை உதிர்த்ததால் ஆவியாகிப் போகும் நீர் மிச்சமாகிறது. ஆழத்து வேர் உறிஞ்சும் ஈரத்தில் தண்டு மறுபடி நீர் கட்டிக்கொள்கிறது. பகல் நீளும் குறிப்பறிந்து துளிர் கிளம்புகிறது. மழைக்காலத்தைவிட இலை தின்னும் பூச்சி இப்போது குறைவு, வெயிலுக்குப் பஞ்சமில்லை. மழை வருவதற்குள் இலை முற்றித் தயாராகிவிடும். குளிர் நாட்டு மரம் போன கோடையில் இலையைச் செய்து வைக்கிறது. நம் புங்கை, வடகிழக்குப் பருவமழை மண்ணுக்குள் போட்டுவைத்த தண்ணீரை எடுத்து இலை செய்கிறது. இரண்டு ஊரிலும் வசந்தத்தின் முதலீடு முந்தைய பருவத்துடையது.

பிள்ளையார் கோயில் அரசமரத்தைப் பாருங்கள். அதன் தளிர் செம்பு நிறத்தில், வெயில் ஊடுருவும் மெல்லிய தாளாக ஆடும். வேம்பின் துளிரும் முதலில் சிவப்புத்தான். மாந்தளிர் சிவந்து, துவண்டு, தலைகீழாகத் தொங்கும். அதன் பெயரிலேயே நமக்கு ஒரு சேலை நிறம் உண்டு. இந்தச் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி. இலை முழு அளவுக்கு விரிந்து தோல் தடிக்கும் வரை பல மரங்கள் பச்சையத்தில் செலவு செய்வதில்லை. அதுவரை வெயிலின் கடுமையைத் தாங்கவும், பூச்சிக்கு இது ருசியான பச்சை இல்லை என்று காட்டவும் இந்த நிறம் உதவலாம் என்கிறார்கள் தாவரவியலாளர்கள். குளிர் நாட்டு மேப்பிள், உதிரும் முன் சிவப்பதும் இதே வகை நிறமியால்தான். மாஸ்டரின் மேசையிலிருந்த துருச் சிவப்பை எடுத்துப்போய் அரசந்தளிர் பக்கத்தில் வைத்தால் ஒத்துப்போகும். அவர்களுக்கு அது முடிவின் நிறம், நமக்குத் தொடக்கத்தின் நிறம். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று வயதுக்கொரு பெயர் வைத்த மொழி நம்முடையது. ஷேடு கார்டில் அந்தப் பெயர்களுக்கு இடமில்லை, எண் மட்டும்தான்.

மரம் எடுத்துச் செலவழிக்கும் அந்த நிலத்தடி நீர்தான் இந்த ஊரின் பழைய கடன். சாயக்கழிவு நொய்யலில் இறங்கிய காலம், ஒரத்துப்பாளையம் அணையில் நிறத்தண்ணீர் தேங்கிய காலம், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன காலம், எல்லாம் ஊருக்கு நினைவிருக்கிறது. கழிவே வெளியேறாத சுத்திகரிப்புக்கு அதன்பிறகு பட்டறைகள் மாறின. உப்பேறிய கிணறுகள் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. உப்பையும் வறட்சியையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் மரம் என்று புங்கைக்குப் பெயர். 2015-ல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ முயற்சியில் லட்சக்கணக்கான மரக்கன்றுகள் நடப்பட்டிருக்கின்றன. மழைக்காலத்தில் வைத்த கன்று முதல் பங்குனியைத் தாண்டித் துளிர்விட்டால்தான் நட்டவர் மூச்சு விடுவார்.

கிளம்பும்போது புங்கை இலை ஒன்றைக் கிள்ளி மாஸ்டரிடம் நீட்டினேன். “நீங்க கேட்ட பச்சை.”

வாங்கி, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நேராக லைட் பாக்ஸுக்குள் வைத்தார். பகல் விளக்கில் பளிச்சென்று இருந்தது. கடை விளக்குக்கு மாற்றினார். இலை ஒரு பிடி பழுத்துப் போயிற்று. மாஸ்டர் சிரித்தார்.

“இதையும் ரிஜெக்ட் பண்ணீருவாங்கண்ணா.”

(தொடரும்)

அடுத்த வாரம்: பனிக்கு வந்த விருந்தாளிகள் கிளம்பிப் போகும் நாட்களில் நஞ்சராயன் குளக்கரையில்.