மின்மினிக்கு நம் விளக்கு சொல்லும் பொய்

மாணவர்களே, நாளைக் காலையில் பள்ளிக்கு முதல் ஆளாக வர முடிந்தால், நடைபாதை விளக்குக்கு நேர் கீழே தரையைக் கவனியுங்கள். துப்புரவு செய்யும் அக்கா துடைப்பத்தோடு வருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். எங்கள் தாப்பாவில், முதல் நாள் இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தால், அங்கே ஒரு சின்னக் கண்காட்சியே இருக்கும். பழுப்பும் பச்சையுமாக அந்துப்பூச்சிகள், உதிர்ந்து கிடக்கும் ஈசல் இறக்கைகள், மல்லாந்து காலை உதறும் வண்டுகள், சில நாள்களில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெரிய அந்துப்பூச்சி. மலையும் காடும் பக்கத்திலேயே இருப்பதால் எங்களுக்கு இந்தக் காட்சி அடிக்கடி கிடைக்கும். சென்ற ஆண்டு படிவம் 2 மாணவர்களோடு ஒரே ஒரு விளக்கின் அடியில் எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

“பூச்சிக்கு வெளிச்சம் பிடிக்கும் டீச்சர், அதனால்தான் வருது” என்றான் ஒருவன். நானும் அவன் வயதில் அப்படித்தான் நினைத்தேன். விளக்கில் விழும் விட்டில் பூச்சியை ஆசைக்கு உவமையாகக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம்.

2024 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வு இந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சாமுவேல் ஃபேபியன், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆய்வு செய்துவந்த யாஷ் சோந்தி ஆகியோரும் மற்றவர்களும் சேர்ந்து, விளக்கைச் சுற்றும் பூச்சிகளை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார்கள். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால், பூச்சி விளக்கை நோக்கி நேராகப் பாயவில்லை. விளக்குக்குத் தன் முதுகைக் காட்டுகிறது!

ஏன்? பறக்கும் பூச்சிக்கு எது மேல், எது கீழ் என்று தெரிய வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக, இரவிலும்கூட, வானம்தான் தரையைவிட வெளிச்சமான பக்கம். ஆகவே, வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகை வைத்துக்கொண்டால் போதும், உடல் நேராக இருக்கும். எளிமையான, நம்பகமான விதி. ஆனால், பக்கவாட்டில் ஒரு விளக்கு எரிந்தால் பூச்சி அந்தப் பக்கம் சாய்ந்து, வளைந்து வளைந்து விளக்கையே சுற்றுகிறது. விளக்கு கீழே இருந்தால் தலைகீழாகப் புரண்டு விழுகிறது. அதற்கு ஆசையும் இல்லை, மயக்கமும் இல்லை. ‘இதுதான் வானம்’ என்று விளக்கு சொன்ன பொய்யை அது நம்பிவிட்டது, அவ்வளவுதான்.

நாம் வெளிச்சத்தைப் பொருள்களைப் பார்க்க உதவும் ஒன்றாக மட்டுமே நினைக்கிறோம். மற்ற உயிர்களுக்கு அது ஒரு செய்தி. எது மேல், இப்போது என்ன நேரம், இது எந்த மாதம், கடல் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் அவை ஒளியைப் பார்த்தே தெரிந்துகொள்கின்றன. நம் ஊர் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறிச் செல்பவர்கள், இரவில் பள்ளத்தாக்குகளில் பூந்தோட்டக் கூடாரங்கள் ஒளிர்வதைப் பார்த்திருப்பார்கள். அங்கே வளரும் செவ்வந்தி, நீண்ட இரவு வந்தால்தான் மொட்டு விடும் செடி. தண்டு போதிய உயரம் வளரும் வரை பூக்கக் கூடாது என்பதற்காக விவசாயிகள் இரவில் விளக்குப் போட்டு இரவைக் குறுக்குகிறார்கள். செடி ஏமாந்து, பூப்பதைத் தள்ளிப் போடுகிறது. விவசாயி தெரிந்தே செய்வதை, நம் தெருவிளக்குகள் பக்கத்து மரங்களுக்கும் பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் தெரியாமல் செய்துகொண்டிருக்கின்றன. தேவையில்லாத இடத்தில், தேவையில்லாத நேரத்தில், தேவைக்கு மேல் விழும் இந்தச் செயற்கை வெளிச்சத்தைத்தான் ஒளித் தூய்மைக்கேடு என்கிறோம்.

இந்தப் பொய்யால் அதிகம் பாதிக்கப்படும் உயிர், ஒளியிலேயே பேசும் உயிராகத்தானே இருக்கும்? அதைப் பார்க்க நம் பேராக் மாநிலத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

ஈப்போவைத் தாண்டி வடக்கே போனால் தைப்பிங். அதன் அருகே சுங்கை செப்பெத்தாங் ஆற்றங்கரையில் கம்போங் டியூ என்ற சிற்றூர் இருக்கிறது. மின்மினி என்றாலே பலரும் கோலசிலாங்கூரின் கம்போங் குவாந்தானைத்தான் சொல்வார்கள். கம்போங் டியூவுக்கு அந்த அளவு பெயர் இல்லை. மாலை மங்கியதும் அந்த ஊர்க்காரர்களே படகில் அழைத்துச் செல்கிறார்கள். இயந்திரச் சத்தம் குறைந்து, கண் இருட்டுக்குப் பழகியதும் கரையோரப் பெரெம்பாங் மரங்கள் தெரியத் தொடங்கும். மரத்தின் வடிவமே மின்மினிகளால்தான் தெரியும். ஓராயிரம் புள்ளிகள் ஒன்றாக எரிந்து, ஒன்றாக அணைகின்றன. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து விசையைத் தட்டுவது போல் இருக்கும்.

அந்த மின்மினியின் அறிவியல் பெயர் தெரோப்டிக்ஸ் தெனர். ஒரே தாளத்தில் மின்னுபவை ஆண்கள். ‘நான் உன் இனம், இங்கே இருக்கிறேன்’ என்பதுதான் அந்த மின்னலின் பொருள். பெண் மின்மினி அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பதில் ஒளி காட்டும். வயிற்றின் நுனியில் லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் உதவியுடன் ஆக்சிஜனோடு வினைபுரிந்து இந்த ஒளியைத் தருகிறது. வெப்பம் கிட்டத்தட்ட இல்லை. கையில் பிடித்தாலும் சுடாது (பிடிக்காதீர்கள்!). முதிர்ந்த மின்மினியின் ஆயுள் சில வாரங்கள்தான். அதற்குள் இணையைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு பெண் கரையோர ஈரமண்ணில் முட்டையிடும். புழு, சின்னஞ்சிறு நத்தைகளைத் தின்று அங்கேயே வளரும்.

இப்போது அந்த மரத்துக்கு எதிரே ஒரு வெள்ளை விளக்குக் கம்பத்தை நட்டுப் பாருங்கள். யாரும் மின்மினியைக் கொல்லவில்லை, மரத்தை வெட்டவில்லை, ஆற்றில் நஞ்சு கலக்கவில்லை. ஆனால் ஆணின் மின்னல் பெண்ணின் கண்ணுக்கு எட்டுவதில்லை. வகுப்பில் எல்லாரும் கத்திக்கொண்டிருக்கும்போது கடைசி வரிசையில் இருந்து ஒருவன் கிசுகிசுத்தால் எனக்குக் கேட்குமா? அதே கதைதான். 2020இல் பல நாட்டு ஆய்வாளர்கள், மலேசிய ஆய்வாளர்களும் சேர்ந்து, உலகெங்கும் உள்ள மின்மினி வல்லுநர்களைக் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மின்மினிகளுக்கு முதல் ஆபத்து வாழிடம் அழிவது. அடுத்த இடத்திலேயே செயற்கை வெளிச்சம் வந்து நின்றது. பூச்சிக்கொல்லி அதற்கும் பின்னால்தான். நம் தெரோப்டிக்ஸ் தெனர் இன்று, அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமாக உலகச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது.

கம்போங் டியூவுக்குப் போனால் கேமராவின் பளிச்சொளியையும் கைப்பேசி விளக்கையும் அணைத்து வையுங்கள். படகுக்காரர் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆற்றிலிருந்து கடலுக்கு வருவோம். நம் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டக் கடற்கரையில் செகாரி இருக்கிறது. அங்கே மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் ஒன்று செயல்படுகிறது. பச்சைக் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் இடம் அது. கடலாமைக் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மணலைக் கிளறி வெளியே வரும். வந்ததும் கடல் எந்தப் பக்கம் என்று அவற்றுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. தாழ்வாக, வெளிச்சமாகத் தெரியும் அடிவானத்தை நோக்கி ஓடும். கரைப் பக்கம் மரங்கள் இருண்டிருக்கும், கடல் பக்கம் வான ஒளி நீரில் பட்டு மங்கலாக மின்னும். இயற்கையான கடற்கரையில் இந்த விதி பிழைப்பதே இல்லை. பின்னால் ஒரு விடுதியோ சாலை விளக்கோ வந்துவிட்டால், குஞ்சுகள் திரும்பி நிலத்துக்குள் ஓடுகின்றன. நண்டும் நாயும் பிடிக்கும், இல்லையென்றால் காலை வெயிலில் உலர்ந்து போகும். வெளிச்சமான கரையில் தாய் ஆமையும் ஏறத் தயங்கும்.

இதே சிக்கலைத் தமிழ்நாட்டில் மாணவர்களே கையில் எடுத்தார்கள். சென்னைக் கடற்கரையில் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், அந்தப் பருவத்தில் இரவு முழுக்க நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடக்கிறார்கள். ஆமைத் தடம் தெரிந்தால் முட்டைகளைத் தோண்டியெடுத்து, வேலியிட்ட பொரிப்பிடத்தில் புதைக்கிறார்கள். சுமார் 45 நாள்கள் கழித்துப் பொரிந்த குஞ்சுகளைக் கடலோரத்தில் விடுகிறார்கள். கடற்கரை விளக்குகளைப் பருவம் முடியும்வரை இரவில் அணைத்து வைக்க வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. ஒரு நகரத்தின் விளக்குகள் அப்படியே இருந்தால், ஆண்டுதோறும் சிலர் தூக்கத்தை விட்டுவிட்டு முட்டைகளைச் சுமந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

பூச்சி, ஆமை எல்லாம் சரி, நமக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். அண்ணாந்து பாருங்கள்.

என் பாட்டி பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இரவு பத்து மணிக்குத் தோட்டத்து மின்சார எந்திரம் நின்றுவிடும். அதன் பிறகு லயத்தில் இருட்டுதான். விடியற்காலைப் பெரட்டுக்கு எழ அவருக்கு விடிவெள்ளிதான் கடிகாரம். விடிவெள்ளி என்பது வெள்ளி என்னும் கோள், வருடம் முழுக்க விடியலில் வராது. வராத மாதங்களில் சேவல் கூப்பிடும் என்பார். பால்வழியை ‘வானத்தில் சிந்திய பால்’ என்று எனக்குக் காட்டியவரும் அவர்தான். இன்று அதே இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. பால்வழி தெரிவதில்லை. 2016இல் வெளியான உலக வரைபடக் கணக்குப்படி, மனிதர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது தாங்கள் வாழும் இடத்திலிருந்து தெரியாது.

வானம் எவ்வளவு வேகமாக வெளுக்கிறது என்பதைச் சொன்னது செயற்கைக்கோள் அல்ல, மனிதக் கண்கள். ‘குளோப் அட் நைட்’ என்ற திட்டத்தில் உலகெங்கும் மாணவர்களும் பொதுமக்களும், தங்கள் வானில் எந்த விண்மீன்கள் வரை தெரிகின்றன என்று பதிவு செய்கிறார்கள். 2011 முதல் 2022 வரை சேர்ந்த 50,000க்கும் அதிகமான பதிவுகளை ஆராய்ந்தபோது, இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடியது தெரிந்தது. 250 விண்மீன்கள் தெரியும் ஊரில் பிறந்த குழந்தை, 18 வயதில் 100ஐத்தான் பார்க்கும். செயற்கைக்கோள்கள் இதை ஏன் தவறவிட்டன? அவற்றின் உணர்கருவிக்கு நீல ஒளி சரியாகத் தெரியாது. புதிய வெள்ளை எல்.இ.டி. விளக்குகளில் நீலம்தான் அதிகம்.

இந்த நீலத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்று மூலக்கூறுகள் குறுகிய அலைநீள ஒளியை அதிகம் சிதறடிக்கும். பகல் வானம் நீலமாக இருப்பதும் அதனால்தான். சிதறல், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம். நீலத்துக்கு 450 நானோமீட்டர், மஞ்சளுக்கு 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். 600ஐ 450ஆல் வகுத்து, நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 3க்குச் சற்று அதிகமாக வரும். அதாவது, நீல ஒளி மஞ்சளைவிட மூன்று மடங்கு சிதறி வானத்தை வெளுக்கச் செய்கிறது. எல்.இ.டி. மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால், மலிவு என்பதாலேயே முன்பு ஒரு விளக்கு இருந்த இடத்தில் மூன்று போடுகிறோம். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

“இருட்டாக இருந்தால் திருடன் வருவானே டீச்சர்?” வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வீடு இருப்பவர்களுக்குப் பாம்பு பயமும் உண்டு. யாரும் இருட்டில் தடுமாற வேண்டியதில்லை. வெளிச்சம் தரையில் விழ வேண்டும், அவ்வளவுதான். மூடி இல்லாத விளக்கு, வானத்துக்கும் பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்கும் உங்கள் கண்ணுக்குள்ளும் சேர்த்தே ஒளியைக் கொட்டுகிறது. கண் கூசும்போது, கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் ஆள் உங்களுக்குத் தெரிவதே இல்லை. நம்பிக்கை இல்லையென்றால், அப்படி ஒரு விளக்கை உள்ளங்கையால் மறைத்துவிட்டு எதிரே பாருங்கள். மேலே தொப்பி போட்ட, மஞ்சள் சாயல் கொண்ட, ஆள் வந்தால் மட்டும் எரியும் விளக்கு திருடனுக்கும் பிடிக்காது, பாம்பும் தெரியும், அந்துப்பூச்சியும் தப்பிக்கும். ஆற்றில் கலந்த நஞ்சை அகற்றப் பல ஆண்டுகள் ஆகும். இந்தத் தூய்மைக்கேடோ, விசையைத் தட்டிய அந்த நொடியே போய்விடும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். டிசம்பர் முதல் மார்ச் வரை, நிலவில்லாத இரவில், ஒன்பது மணிவாக்கில் ஓராயனைத் தேடுங்கள். மலாய்மொழியில் புருஜ் பெலாந்திக் என்று பாடத்தில் படித்ததுதான். இடுப்பில் வரிசையாக மூன்று விண்மீன்கள், சுற்றிலும் நான்கு மூலைகள். பத்து நிமிடம் கைப்பேசியைத் தொடாமல் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். பிறகு, மூலை விண்மீன்களை விட்டுவிட்டு உள்ளே எத்தனை தெரிகின்றன என்று எண்ணுங்கள். பிரிட்டனில் பொதுமக்கள் நடத்தும் கணக்கெடுப்பில், 10 அல்லது அதற்குக் குறைவாகத் தெரிந்தால் கடுமையான ஒளித் தூய்மைக்கேடு, 30க்கு மேல் என்றால் நல்ல இருட்டு வானம். ஒரு முறை தெருவிளக்கின் கீழே நின்று எண்ணுங்கள், இன்னொரு முறை வீட்டுக்குப் பின்னால் நின்று எண்ணுங்கள். இரண்டு எண்களையும் தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் எண்ணலாம்.

நான் என் வீட்டு முன்விளக்கைப் பல ஆண்டுகள் விடிய விடிய எரியவிட்டவள். மாணவர்களோடு பூச்சிகளை எண்ணிய அன்று மாலைதான் வெட்கம் வந்தது. மஞ்சள் பல்பாக மாற்றி, மேலே ஒரு பழைய பிஸ்கட் தகர மூடியைக் கவிழ்த்து, பத்து மணிக்கு அணைத்துவிடுகிறேன். முதல் வாரம் பக்கத்து வீட்டு மாக்சிக் வந்து, மின்கட்டணம் கட்ட மறந்துவிட்டீர்களா, சிக்கு என்று அக்கறையோடு விசாரித்தார். விளக்கடியில் குடியிருந்த நான்கு பல்லிகள் இப்போது அவர் வீட்டு விளக்குக்கு இடம் மாறிவிட்டன. அவரிடம் அடுத்து எப்படிப் பேச்சை எடுப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.