பின்புறம் உயர்ந்தால் முகப்புத் தாழும்

சிறிய மோட்டார்ப் படகு ஒன்று புறப்படுவதைக் கவனித்திருக்கிறீர்களா? எஞ்சினை முடுக்கியதும் அதன் முகப்பு (மீனவர்கள் 'அணியம்' என்பது இதைத்தான்) வானத்தை நோக்கி எழும்புகிறது. ஓட்டுபவர் கழுத்தை நீட்டினாலும் முன்னேயுள்ள நீர்ப்பரப்புத் தெரிவதில்லை. அந்தச் சில விநாடிகளில் எதிரே ஒருவர் நீந்திக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

முகப்பு எழுவதற்குக் காரணம், படகு தானே எழுப்பும் அலை. ஆழமான நீரில் 5 மீட்டர் நீளமுள்ள அலை மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 5 மீட்டர் நீளமுள்ள படகு அவ்வேகத்தை எட்டும்போது முகப்பு ஒரு முகட்டிலும் பின்புறம் அடுத்த முகட்டிலும் தாங்கப்படுகின்றன. மேலும் முடுக்கினால் அலை நீண்டுவிடும். பின்புறம் பள்ளத்தில் இறங்கிவிடும். படகு தன் அலையின் மேட்டிலேயே ஏறத் திணறும். இதையும் கடந்தால்தான், அடிப்பாகம் நீரைக் கீழே தள்ள, நீர் படகை மேலே தள்ள, படகு நீரை உழாமல் அதன்மேல் வழுக்கி ஓடும்.

இந்த மேட்டைக் கடக்க உதவுபவை, பின்பலகையின் அடியில் இடமும் வலமும் கீல்வைத்துப் பொருத்திய இரு தகடுகள். 'டிரிம் டேப்' எனப்படும் இவற்றைச் சமன்தகடுகள் என்போம். தகட்டைக் கீழே சாய்த்தால், ஓடும் நீர் அதில் மோதிப் பின்புறத்தை உயர்த்தும். முகப்புத் தானாகத் தாழும். தகடுகளின் மேல்நோக்கு விசை 30 கிலோ எடைக்குச் சமம் என்றும், அவை ஈர்ப்பு மையத்திலிருந்து 2 மீட்டர் பின்னால் உள்ளன என்றும் கொள்வோம். இதன் திருப்புத்திறன், 60 கிலோ எடையுள்ள ஒருவர் 1 மீட்டர் முன்னால் நகர்ந்து உட்காருவதற்குச் சமம். (வகுப்பில் சீசாப் பலகையையே சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, இது அதைவிட நல்ல எடுத்துக்காட்டு.)

ஆனால் சாய்ந்த தகடு நீரைத் தடுக்கவும் செய்கிறது. எனவே படகு வழுக்கத் தொடங்கியதும் தகடுகளை உயர்த்திவிட்டு, எஞ்சினின் சாய்வைக் கவனிக்கவேண்டும். புறப்படும்போது சுழல்விசிறி பின்பலகையை ஒட்டி உள்வாங்கியிருக்கட்டும். அப்போது அது நீரைப் பின்னும் கீழும் தள்ளுவதால் பின்புறம் உயரும். வேகம் பிடித்தபின் எஞ்சினைச் சிறிது சிறிதாக வெளிப்புறம் சாய்த்தால் முகப்பு அளவாக எழும், நனையும் பரப்புக் குறையும், எரிபொருளும் மிச்சமாகும். அடிப்பாகம் நீர்மட்டத்தோடு 4 பாகை அளவில் சாய்ந்திருக்கும்போது தடை மிகக் குறைவு. பேராசைப்பட்டு இன்னும் சாய்த்தால் படகு ஓங்கில்போல் துள்ளும். அல்லது சுழல்விசிறி மேற்பரப்புக் காற்றை உறிஞ்சிக்கொண்டு வீணாகச் சுழலும். எஞ்சினின் இரைச்சல் கூடி, வேகம் கூடாவிட்டால், சற்றே உள்ளே இழுங்கள்.

இடப்புறம் பாரம் மிகுந்து படகு சாய்ந்தால் இடத்தகட்டை மட்டும் இறக்கவேண்டும். இங்கே ஒரு குழப்பம் உண்டு. பல படகுகளில் இடப்பக்கப் பொத்தான் வலத்தகட்டை இறக்கும்! பொத்தான் குறிப்பது தகட்டையன்று, தாழவேண்டிய முகப்பின் பக்கத்தை. புதிய படகில் ஏறினால் இதை முதலில் சோதித்துப் பாருங்கள்.

எதிர்வரும் சிற்றலைகளைக் கிழிக்க முகப்பைச் சற்றுத் தாழ்த்துவது நல்லது. அலை பின்னாலிருந்து வந்தால் அதே செயல் ஆபத்து. அலை பின்புறத்தைத் தூக்கும். ஏற்கெனவே தாழ்ந்த முகப்பு நீரில் குத்தி நிற்கும். அதை மையமாகக் கொண்டு பின்புறம் பக்கவாட்டில் சுழலும். குறுக்காகத் திரும்பிய படகை அடுத்த அலை கவிழ்த்துவிடக்கூடும். ஆகவே அலையோடு போகும்போது தகடுகள் முழுதும் மேலே இருக்கவேண்டும்.

படகைப் பின்னோக்கிச் செலுத்தும்முன்னும் அவற்றை உயர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் நீர் தகட்டின் மேற்புறத்தில் மோதிப் பின்புறத்தைக் கீழே அழுத்தும். தகட்டைத் தாங்கும் தண்டும் வளையலாம்.