சாமிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்: மார்த்தினிக்கின் பாஸ்-புவேந்த் கிராமம்

சிலர் அதிகாலையிலும் சிலர் நள்ளிரவிலும் இந்த நேரலையில் இணைந்திருக்கிறீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கரீபியத் தீவான மார்த்தினிக்கில் உள்ள ஒரு சிறிய ஊர். பெயர் பாஸ்-புவேந்த். பிரெஞ்சில் 'தாழ்ந்த முனை' என்று பொருள். சுமார் 3,000 பேர் வாழும் இடம்.

இலக்கிய வாசகர்களுக்கு இந்த ஊர் ஒரு கவிஞரின் பெயரால் அறிமுகமாகியிருக்கலாம். எமே செசேர் 1913இல் இங்கேதான் பிறந்தார். நெக்ரிட்யூட் என்ற கறுப்பின இலக்கிய இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். பிறந்த மண்ணுக்குத் திரும்புவதைப் பற்றிய அவருடைய நீள்கவிதை 1939இல் வெளிவந்தது. உலகில் ஒடுக்கப்பட்டவர்களையெல்லாம் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் இடம் ஒன்று அதில் வருகிறது. அந்த வரிசையில் ஓர் இந்துவும் உண்டு. ஆனால் அவரைக் கல்கத்தாக்காரர் என்கிறார் செசேர்.

முதன்முறை படித்தபோது எனக்கு அந்த இடம் இடறியது. செசேர் பிறந்த ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் வேலை செய்த இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்களின் வழிவந்தவர்கள். பக்கத்திலேயே வாழ்ந்தவர்களின் ஊர் கவிதைக்குள் நுழையும்போது ஏன் மாறிப்போனது? கவிஞரைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. எழுபது, எண்பது ஆண்டுகளில் அந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதே மங்கிப்போயிருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஊரின் அமைப்பை முதலில் பார்த்துவிடுவோம். தீவின் வடகிழக்கு முனை. ஒரு பக்கம் அட்லாண்டிக் பெருங்கடல். அலை கடுமையானது. மறுபக்கம் பெலே எரிமலையின் சரிவு. 1902இல் வெடித்து, சேன்-பியேர் நகரத்தையே அழித்த அதே மலை. எரிமலை மண் வளமானது, மழையும் அதிகம். அதனால் முதலில் கரும்பு, பிறகு வாழையும் அன்னாசியும். நிலம் சில பெருந்தோட்டங்களாகப் பிரிந்திருந்தது. கிராதீஸ், பெக்கூல், லெய்ரித்ஸ், எய்மா, ஷல்வே என்று அவற்றுக்குப் பெயர். இங்கே ஒருவர் தன் ஊரைச் சொல்வது என்றால் பெரும்பாலும் தோட்டத்தின் பெயரைச் சொல்வதுதான்.

1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களில் பலர் பழைய முதலாளிகளிடம் வேலை செய்ய மறுத்தார்கள். தோட்ட முதலாளிகள் வேறு ஆள் தேடினார்கள். பாண்டிச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. 1853 மே 6ஆம் நாள் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியர்களை மார்த்தினிக்கில் இறக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் சுமார் 25,000 பேர் வந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முடிந்ததும் திரும்பிப் போகலாம் என்பது உறுதிமொழி. ஒரு பகுதியினர் திரும்பினார்கள். ஏராளமானோர் நோயிலும் வேலையிலும் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் பலர் இந்த வடக்குத் தோட்டங்களில் தங்கிவிட்டார்கள்.

அவர்களோடு சாமிகளும் வந்தன. மாரியம்மன் இங்கே 'மரியெமென்'. மதுரைவீரன் 'மல்தெவிலேன்'. இன்னொரு பெயரையும் வணங்குகிறார்கள்: 'நாகூர்மிரா'. ஆம், நாகூர் மீரான், நம் நாகூர் ஆண்டவர்தான். காரைக்காலில் கப்பலேறியவர்களுக்கு நாகூர் கூப்பிடு தூரம். கடலில் போகிறவர்களைக் காப்பவர் என்று மதம் பாராமல் வேண்டிக்கொண்டவரை, கடலைத் தாண்டிய பிறகும் அவர்கள் விடவில்லை. கொடிமரம் ஏற்றி அவரை அழைக்கிறார்கள்.

கிராதீஸ் தோட்டத்தில் கோயில் இருக்கிறது. அங்கே நடப்பது ஆகமக் கோயில் வழிபாடு அல்ல. நம் கிராமத்து எல்லைத் தெய்வக் கொடை. தப்பு அடிக்கிறார்கள், ஆடு வெட்டுகிறார்கள். அருள் வந்தவர், இருவர் பிடித்திருக்கும் அரிவாளின் கூர்முனையில் ஏறி நின்று குறி சொல்கிறார். அவர் வாயில் வருவது தமிழ், அல்லது தமிழின் மிச்சம். சுற்றி நிற்பவர்களுக்கு அது புரியாது. அதனால் பக்கத்தில் ஒருவர் நின்று சாமியின் சொல்லைக் கிரியோலில் மாற்றிச் சொல்கிறார். இதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தமிழ் அங்கே மனிதர்கள் பேசும் மொழியாக இல்லை. தெய்வம் பேசும் மொழியாக ஆகிவிட்டது.

மொழி ஏன் போனது? வயலில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு, தேவாலயத்தில் ஞானஸ்நானம். 1880களில் புதிய ஆட்கள் வருவது நின்றதும் ஊரோடு தொடர்பு அறுந்தது. பதிவேட்டில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய தனிப்பெயர்கள் குடும்பப் பெயர்களாயின. முத்துசாமி 'முத்துஸ்ஸமி' ஆனார். இதற்கெல்லாம் மேல் அவமானம். நம் மொழியில் உழைப்புக்குத் தரும் பணத்தைக் குறிக்கும் 'கூலி' என்ற சொல், அங்கே ஓர் இனத்தையே இழிவுபடுத்தும் வசையானது. தோட்டத்தை விட்டுத் தலைநகருக்குப் போனவர்கள் தெருக் கூட்டினார்கள். ஒவ்வொரு கூலிக்கும் ஒருநாள் சாக்கடை கழுவும் முறை வரும் என்று ஒரு பழமொழியே உண்டாயிற்று. அப்படிப்பட்ட இடத்தில் எந்தத் தாய் தன் பிள்ளையிடம் தெருவில் தமிழ் பேசுவாள்?

ஆனாலும் இவர்கள் ஒதுங்கி வாழ்ந்த மக்கள் அல்லர். ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இவர்களும் ஒரே கரும்பைத்தான் வெட்டினார்கள். 1948 செப்டம்பரில் இந்த ஊரில் கரும்பு வெட்டுவோர் வேலைநிறுத்தம் செய்தபோது ஒரு வெள்ளைத் தோட்ட நிர்வாகி கொல்லப்பட்டார். பதினாறு தொழிலாளர்கள் கைதாகி, மூன்றாண்டு சிறையில் கிடந்தார்கள். 1951இல் பிரான்சின் போர்தோ நகரில் நடந்த வழக்கு, காலனி ஆட்சியின் மீதான வழக்காகவே மாறியது. பதினாறு பேரும் விடுதலையானார்கள். 1974இல் ஷல்வே வாழைத்தோட்ட வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தது. ஒரு தொழிலாளி இறந்தார். இந்த ஊரின் வரலாற்றைக் கோயிலை மட்டும் வைத்து எழுத முடியாது.

இன்னொன்றும் உண்டு. தமிழர்கள் கொண்டுவந்தவை தமிழர்களிடம் மட்டும் தங்கவில்லை. 'கொலோம்போ' என்ற மசாலாக் கறி இன்று தீவு முழுவதற்கும் சொந்தமான உணவு. குழம்பு என்ற சொல்லின் திரிபுதான் அது என்று சொல்பவர்கள் உண்டு. வேப்பமரத்தின் பெயர் 'வெப்பெலெ'. மார்த்தினிக் பெண்களின் மரபுத் தலைக்கட்டு, சென்னையில் இருந்து போன கட்டம்போட்ட 'மதராஸ்' துணி. மொழி போன பிறகும் நாக்கும் துணியும் நினைவு வைத்திருக்கின்றன.

நாம் எல்லோரும் அயலில் பிள்ளை வளர்க்கிறவர்கள். நம் நிலைமை வேறு என்பது உண்மைதான். நமக்குத் தொலைபேசி உண்டு, விமானம் உண்டு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு உண்டு. ஆனாலும் எதை முதலில் கைவிடுகிறோம், எதைக் கடைசிவரை பிடித்துக்கொள்கிறோம் என்று பார்த்தால் வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. பேச்சு முதலில் போகிறது. சாமியும் சாப்பாடும் கடைசிவரை நிற்கின்றன. நம் பேரப்பிள்ளைகளின் வீட்டுத் திருவிழாவில் சாமிக்குப் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்க வேண்டியிருக்குமா? எனக்குப் பதில் தெரியாது. இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கவே இந்த ஊரைப் பேச எடுத்தேன்.