ஊசி படும் முன் காகிதத்தைத் திருப்பிப் பாருங்கள்

நேராகப் பார்த்தால் ஒரு பெயர், 180 டிகிரி திருப்பினால் அதே பெயரோ இன்னொரு பெயரோ தெரியும்படி எழுதும் கலைக்கு ஆம்பிகிராம் என்று பெயர். ஸ்காட் கிம் 1981-ல் இதற்காகவே 'இன்வெர்ஷன்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். டான் பிரவுனின் 'ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்' நாவலுக்கு ஜான் லாங்டன் வரைந்தவை இந்தக் கலையைப் பரவலாக அறிமுகப்படுத்தின. இப்போது காதலர்களும் பெற்றோரும் இதை டாட்டூவாகக் கேட்கிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால், மற்ற டாட்டூக்களைவிட இதில் ஏமாற வாய்ப்பு அதிகம்.

ஆம்பிகிராமில் ஒவ்வொரு கோடும் இரண்டு எழுத்துகளுக்கு வேலை செய்கிறது. தோலுக்கடியில் மை வருடக்கணக்கில் மெல்லப் பரவும்; நெருக்கமான வளைவுகள் அடைந்துபோகும். சாதாரண எழுத்தில் அது லேசான மங்கல். இங்கே இரண்டு பெயர்களுமே படிக்க முடியாமல் போகும். அதனால் மணிக்கட்டில் சின்னதாகப் போதும் என்று கேட்காதீர்கள். கணினி நொடியில் உருவாக்கித் தரும் வடிவத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அந்தப் பெயர்களை அறியாத ஒருவரிடம் காகிதத்தைக் கொடுத்து, இருபுறமும் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் திருத்தி வரையச் சொல்லுங்கள். "இந்த இரண்டு பெயரும் சேராது" என்று சொல்லும் கலைஞர் உங்கள் பணத்தை வேண்டாம் என்கிறார், அவரை நம்பலாம்.

வடிவம் யாருக்குச் சொந்தம்? இணையத்தில் கிடைத்ததாலேயே அது பொதுச்சொத்து ஆகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி ஓவியத்தின் முதல் உரிமை பொதுவாக வரைந்தவருக்கே. காசு கொடுத்து வரையச் சொன்னாலும் பின்னால் வழக்காடுவதற்கு இடமுண்டு. அதே வடிவத்தை டி-ஷர்ட்டிலோ கடைப் பலகையிலோ போடும் எண்ணமிருந்தால் உரிமையை எழுதி, கையொப்பத்துடன் வாங்குங்கள். காலம் குறிக்காத உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும். எல்லை குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் முகத்து டாட்டூவைப் போன்ற ஒன்றைத் திரைப்படத்தில் காட்டியதற்காக, 2011-ல் டைசனின் டாட்டூவை வரைந்தவர் திரைப்பட நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் மீது வழக்குத் தொடுத்தார்; அது சமரசத்தில் முடிந்தது.

உடல்நலத்தில் சமரசமே கூடாது. ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை அசுத்தமான ஊசி வழியே தொற்றக்கூடியவை. ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். மையைக் குழாய்த் தண்ணீரில் கலக்கக் கூடாது. சிறு கிண்ணத்தில் மிஞ்சியதை மறுபடி பாட்டிலில் ஊற்றக் கூடாது. சிவப்பு மைக்கு ஒவ்வாமை அதிகம். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் முதலில் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. டாட்டூ போட்டபின் 12 மாதம் ரத்த தானம் செய்ய முடியாது. மத்திய ஆயுதக் காவல் படை வேலைக்கு முயல்பவர்கள் வலது கையில் குத்திக்கொள்ளவே வேண்டாம்; இடது முன்கையின் உட்புறம் போன்ற குறிப்பிட்ட இடங்களில், அந்த உறுப்பில் கால் பங்குக்குக் குறைவாக இருந்தால்தான் ஏற்பார்கள்.

எழுத்து தவறினாலோ தொற்று வந்தாலோ, ஒப்புக்கொண்ட ஸ்டென்சிலின் (தோலில் பதிக்கும் மாதிரி வரைபடத்தின்) புகைப்படம், பில், மருத்துவச் சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்கீழ் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. முதலில் 1915-ஐ அழைத்தும் பேசலாம். பில் தர மறுக்கும் கடையில் கையை நீட்டாதீர்கள்.